தண்ணீருக்கு அடியில் பூசணிக்காய் செதுக்குவது: அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் ஸ்கூபா டைவிங் பழகியவர்களிடம் ஒரு பேச்சு கிளம்பும். அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு அமெரிக்கா மாதிரி நாடுகளில் எல்லாரும் வீட்டு வாசலில் உட்கார்ந்து பூசணிக்காயில் கண், மூக்கு, வாய் செதுக்குவார்கள். அதையே கடலுக்குள் போய்ச் செதுக்கினால் எப்படி இருக்கும்? செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அருமையாக இருக்கும். ஆனால் கேட்பதற்கு இருக்கிற எளிமை செய்வதில் இல்லை. முதல் முறை இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

நிஜமாகவே யாராவது இதைச் செய்கிறார்களா?

செய்கிறார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் தெற்கு முனையில் தீவுத் தீவாக நீளும் ஃபுளோரிடா கீஸில், கீ லார்கோ என்ற ஊரை ஒட்டிய கடலில் இதற்குப் போட்டியே நடக்கிறது. சுமார் 30 அடி ஆழத்தில், மணல் தரையில் மண்டியிட்டு, காற்றுச் சிலிண்டரை முதுகில் சுமந்தபடி செதுக்குவார்கள். ஃபுளோரிடா கீஸ் தேசியக் கடல் சரணாலயம் இருக்கிற பகுதி அது. கடல் பக்கத்தில் இல்லாத ஊர்களில் ஏரியிலும், தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரியிலும், ஆழமான நீச்சல் குளத்திலும் செய்வதுண்டு.

பூசணிக்காய் மிதக்குமா, முங்குமா?

மிதக்கும், அதுவும் நன்றாகவே மிதக்கும். எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

25 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையான காய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது முழுக்க முங்கினால் ஏறக்குறைய 8 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். காயின் எடை 5 கிலோ என்றால், மீதி 3 கிலோ அளவுக்கு அது உங்களை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். கடல் நீர் நல்ல நீரைவிடக் கொஞ்சம் கனமானது என்பதால் கடலில் இழுப்பு இன்னும் சற்றுக் கூடும். கையில் பிடித்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் இரண்டு மீட்டர் போனதுமே கைவலி கண்டு, பிடி நழுவி, காய் மேலே பாய்வதைப் பார்ப்பார்கள். நழுவிய அந்த நொடியில் உங்கள் மிதப்பும் மாறிவிடும். இவ்வளவு நேரம் உங்களை மேலே இழுத்துக்கொண்டிருந்த 3 கிலோ போய்விட்டது, எனவே நீங்கள் சட்டென்று கீழே போவீர்கள். காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய மறந்தால் அங்கேயே வலி பிடித்துக்கொள்ளும்.

இதற்கு ஒரே நல்ல வழி, கரையிலேயே காயைத் திறந்து குடைந்துவிடுவது. உள்ளே இருக்கிற வெற்றிடத்தில் தண்ணீர் புகுந்ததும் மிதப்பு பெரும்பாலும் போய்விடும். சதை மட்டும் தண்ணீரைவிடச் சற்று இலேசு என்பதால் மெல்ல மேலே போகப் பார்க்கும். உள்ளே ஒன்று அல்லது இரண்டு கிலோ ஈயக்கட்டி போட்டால் அடங்கி உட்கார்ந்துவிடும்.

குடையாமல் முழுக் காயாகவே கொண்டுபோனால் என்ன ஆகும்?

பத்து மீட்டர் ஆழத்தில் சுற்றியுள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. காயின் உள்ளே இருப்பதோ கரையில் அடைபட்ட காற்று. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ கூடுதலாக அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் உறுதியாக இருந்தால் தாங்கும், எங்காவது கீறலோ அழுகலோ இருந்தால் அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும். தாங்கிய காயில் கத்தியை இறக்கினால் குமிழி வெளியே வரும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பது நேர்மாறு: முதலில் தண்ணீர்தான் அந்தக் கீறல் வழியாக உள்ளே பாயும். உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, வெளி அழுத்தத்துக்குச் சமமான பிறகுதான், துளை மேல் பக்கம் இருந்தால் குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு விதையும் குடலும் வெளியே வந்து தண்ணீர் கலங்கி, செதுக்குகிற முகமே தெரியாமல் போகும். விதை மிதக்கும், நார் அங்கங்கே தொங்கிக்கொண்டு நிற்கும், எதையும் கையால் பொறுக்க முடியாது. அதனால் குடையாமல் கொண்டுபோகாதீர்கள் என்பதுதான் என் பதில்.

மேலே மூடி வெட்டுவதா, அடியில் வெட்டுவதா?

கரையில் சிலர் அடிப்பக்கம் வெட்டுவார்கள், உள்ளே விளக்கு வைக்க வசதி என்று. தண்ணீருக்குள் போகிற காய்க்கு அது ஆகாது, மேலேதான் வெட்ட வேண்டும். காரணம் நீங்கள் விடுகிற மூச்சு. காய்க்குக் கீழே நீங்களோ கூட்டாளியோ மூச்சு விட்டால், குமிழிகள் நேராக ஏறி அடி வெட்டிய காயின் உள் கூரையில் தேங்கும். கவிழ்த்து வைத்த பாத்திரத்தில் காற்று பிடிபடுவது மாதிரி. ஒரு லிட்டர் காற்று தேங்கினால் ஒரு கிலோ தூக்கும். அதோடு முடிவதில்லை, நீங்கள் மேலே வரும்போது அந்தக் காற்று விரிந்துகொண்டே போகும், 8 மீட்டரில் ஒரு லிட்டராக இருந்தது மேற்பரப்புக்கு வருவதற்குள் 1.8 லிட்டர் ஆகிவிடும். கையில் பலூனைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற கதைதான். மேலே திறந்திருக்கிற காயில் காற்று தங்காது.

எந்த அளவு காய் நல்லது?

இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு. பெரிய காயைப் பார்த்தால் ஆசையாக இருக்கும், ஆனால் சுவர் தடிமனாக இருக்கும், அறுக்க அறுக்க முடியாது. தட்டையான அடி இருக்கிறதா பாருங்கள், மணலில் உருளாமல் நிற்கும். காம்பு உறுதியாக இருந்தால் கயிறு கட்டலாம். தோலில் மென்மையான இடம் இருந்தால் வேண்டாம்.

எந்தக் கத்தி எடுத்துப் போவது?

டைவிங் கத்தி என்று தொடையில் கட்டிக்கொள்கிற தடிக்கத்தி இதற்குச் சரிப்படாது. அது வலை, கயிறு சிக்கினால் அறுத்துக்கொண்டு தப்பிக்க. பூசணி செதுக்குவதற்கென்று விற்கிற சிறிய ரம்பம், விரல் அகலம்கூட இல்லாத, பல் வைத்த மெல்லிய தகடு, அதுதான் தண்ணீருக்குள்ளும் சிறந்தது. கூர்முனைக் கத்தியைக் குத்தி இறக்குவது ஆபத்து. ரம்பம் மெதுவாக அறுக்கும், ஆனால் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

கைப்பிடியில் ஒரு கயிறு கட்டி டைவிங் ஜாக்கெட்டின் (காற்றை ஊதியும் வெளியேற்றியும் மிதப்பைக் கூட்டிக் குறைக்கிற சட்டை) வளையத்தில் கிளிப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். மணலில் விழுந்த ரம்பத்தைத் தேடுவது ஒரு தனி வேலை, தேடும்போது கிளம்புகிற தூசியில் அதுவும் மறைந்துவிடும். வேலை இல்லாத நேரத்தில் உறைக்குள் போட வேண்டும், திறந்த கத்தியோடு நீந்தக் கூடாது. டைவ் முடிந்ததும் நல்ல நீரில் கழுவித் துடைத்து வைக்காவிட்டால் மறுநாளே துரு.

செதுக்கும்போது என்ன வித்தியாசம் தெரியும்?

முதல் வித்தியாசம், நீங்கள் தள்ளினால் காய் தள்ளப்படாது, நீங்கள்தான் பின்னால் போவீர்கள். கரையில் தரையும் நாற்காலியும் உடம்பைத் தாங்குகின்றன. தண்ணீருக்குள் அப்படி எதுவும் இல்லை. ரம்பத்தை ஓர் இழுப்பு இழுத்தால் தோள் முன்னால் போகும், தள்ளினால் கால் மேலே எழும்பும். அதனால் மணலில் மண்டியிட்டு, காயை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு கிலோ எடை கூடுதலாகக் கட்டிக்கொண்டால் உடம்பு நிலையாக உட்காரும். ஆனால் அந்தக் கூடுதல் எடையோடு மேலே வர வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்து, இறங்குவதற்கு முன்பே ஜாக்கெட்டில் போதிய தூக்கு இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

இரண்டாவது, கண் ஏமாற்றும். மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நாலில் ஒரு பங்கு பக்கத்திலும் தெரியும். தண்ணீரிலிருந்து காற்றுக்குள் ஒளி வரும்போது வளைவதுதான் காரணம். விளைவு என்னவென்றால், கத்தி முனை எங்கே இருக்கிறது என்று கண் சொல்வதும் விரல் உணர்வதும் ஒத்துப்போகாது. முதல் ஐந்து நிமிடம் அறுக்காமல், ரம்பத்தின் மழுங்கிய பக்கத்தால் கோட்டின் மேல் தடவிப் பழகுங்கள், கை பழகிவிடும்.

மூன்றாவது, நிறம். ஆழம் கூடக்கூட முதலில் சிவப்பு மங்கும், அடுத்து ஆரஞ்சு. எட்டு, பத்து மீட்டரில் உங்கள் ஆரஞ்சுக் காய் பழுப்பாக, சோர்ந்து தெரியும். டார்ச் அடித்த நொடியில் அது மறுபடியும் ஆரஞ்சாகும், அந்த ஒரு காட்சிக்காகவே நான் டார்ச் இல்லாமல் இறங்குவதில்லை. அப்புறம் விரல் வெட்டிக்கொண்டால் ரத்தம் அங்கே சிவப்பாகத் தெரியாது, கரும்பச்சையாகப் புகை மாதிரி கிளம்பும். அதைப் பார்த்துத் தூசி என்று நினைத்துவிட வேண்டாம்.

படத்தை எப்படிக் காயில் வரைவது?

கரையில், காய் உலர்ந்திருக்கும்போதே அழியாத மார்க்கரால் வரைந்துவிடுங்கள். தடிமனான கோடு, எளிய வடிவம். முக்கோணக் கண், பல் வைத்த வாய், இவ்வளவு போதும். மெல்லிய முடி, எழுத்து, நுணுக்கமான சுருள் எல்லாம் தண்ணீருக்குள் கையுறை போட்டுக்கொண்டு செய்ய வராது. சிலர் வாயை மட்டும் கரையில் பாதி அறுத்துவிட்டு, மீதியைக் கீழே முடிப்பார்கள். முதல் முறைக்கு அதுவே போதுமானது என்பேன்.

வெட்டிய துண்டுகள் எங்கே போகும்?

மேலே போகும். இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு: அறுத்து முடித்த துண்டை வெளியே இழுக்காமல் கட்டை விரலால் உள்ளே தள்ளுங்கள், மூடியையும் மூடி வையுங்கள். துண்டுகள் உள்ளேயே மிதந்து மூடியின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். நான் முதல் முறை செதுக்கியபோது மூடியைத் திறந்து தொடையில் வைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து ரம்பத்தை எடுத்த நேரத்தில் அது நழுவி, தட்டு மாதிரிச் சுழன்று சுழன்று ஏறியது, வெளிச்சத்தைப் பார்த்தபடி ஒரு ஆரஞ்சு வட்டமாகச் சிறுத்துக்கொண்டே போனதை நானும் கூட்டாளியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். துரத்திப் போகக் கூடாது என்று தெரிந்ததால் விட்டுவிட்டோம். படகில் இருந்தவர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து மூடியின் காம்பில் கயிறு போட்டுக் காயோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன். வெளியே வருகிற துண்டுக்கு ஒரு வலைப்பை, வாயைச் சுருக்குகிற மாதிரி, பக்கத்தில் இருக்கட்டும்.

மீன்கள் வந்து தின்னட்டுமே, காய்கறிதானே?

இந்தக் கேள்விக்கு நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காய்கறிதான், ஆனால் கடலில் விளைந்தது இல்லை. மனிதனைக் கண்டால் தீனி கிடைக்கும் என்று மீன்கள் பழகிவிட்டால் அவற்றின் நடத்தையே மாறிவிடும். ஃபுளோரிடாவில் டைவர்கள் கடலுக்குள் மீன்களுக்குத் தீனி போடுவதே தடை செய்யப்பட்டிருக்கிறது. குடைந்த குடலையும் விதையையும் கரையிலேயே விட்டுவிட்டு வந்தால் இந்தப் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்தது. சின்ன மீன்கள் வேடிக்கை பார்க்க வரத்தான் செய்யும், நீங்கள் அறுக்க அறுக்க விழுகிற துகளைக் கொத்திப் பார்க்கும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் வேண்டுமென்று நீட்டாதீர்கள். செதுக்கிய காயைப் புகைப்படத்துக்கு அழகாக இருக்கிறதென்று பாறைமேல் வைத்துவிட்டு வருவதும் கூடாது. எத்தனை காய் இறங்கியதோ அத்தனையும் துண்டுகளோடு மேலே வர வேண்டும். கடல் சரணாலயம் என்றால் இறங்கும் முன் அந்தப் பகுதி நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே உட்கார்ந்து செதுக்குவது?

வெறும் மணல். பவளப்பாறை பக்கத்தில் வேண்டாம், கடற்புல் மேலும் வேண்டாம். பவளம் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அதன் மேல்தோல் உயிருள்ளது, முழங்காலோ ஃபின்னோ (காலில் மாட்டுகிற நீச்சல் துடுப்பு) ஒரு முறை பட்டால் போதும். கத்தியில் கவனம் இருக்கிறவருக்குத் தன் கால் எங்கே போகிறது என்று தெரியாது, அதனால்தான் சொல்கிறேன். நீரோட்டம் இல்லாத இடமாகவும் பாருங்கள்.

எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம்?

ஆறிலிருந்து ஒன்பது மீட்டர். அதைவிட ஆழமாகப் போக ஒரு காரணமும் இல்லை, வெளிச்சமும் நிறமும் குறையும், காற்று சீக்கிரம் தீரும்.

நேரத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு, ஒரு பார் ஏறக்குறைய கரையில் இருக்கிற காற்றழுத்தம்) என்றால் 2400 லிட்டர் காற்று. கடைசி 50 பாரைத் தொடாமல் மிச்சம் வைக்க வேண்டும், ஆக 1800 லிட்டர். சும்மா நீந்தும்போது நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் இழுக்கிறவர், ரம்பம் அறுக்கும்போது 25 லிட்டர் இழுப்பார். எட்டு மீட்டரில் அழுத்தம் 1.8 மடங்கு, அதனால் சிலிண்டரிலிருந்து போவது நிமிடத்துக்கு 45 லிட்டர். 1800ஐ 45ஆல் வகுத்தால் 40 நிமிடம். இறங்க, ஏற, நிற்க எல்லாம் கழித்தால் செதுக்க அரை மணி நேரம் கிடைக்கும். இந்த ஆழத்தில் நைட்ரஜன் கணக்கு, அதாவது அழுத்தத்தில் உடம்பில் கரைகிற நைட்ரஜனுக்கான நேர வரம்பு, உங்களை நிறுத்தாது, பேடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணையில் 10 மீட்டருக்கு 219 நிமிட வரம்பு இருக்கிறது. உங்களை நிறுத்துவது காற்றுதான். வேலை மும்முரத்தில் அளவுமானியைப் பார்க்க மறந்துவிடுவோம், அதனால் ஒவ்வொரு கண்ணை முடித்ததும் ஒரு முறை பாருங்கள், கூட்டாளியிடமும் காட்டச் சொல்லுங்கள்.

எனக்கு டைவிங் புதிது. செய்யலாமா?

ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலை டைவிங் சான்றிதழ் வாங்கிய மறுவாரமே வேண்டாம். கையைப் பயன்படுத்தாமல், தரையைத் தொடாமல், ஒரே ஆழத்தில் நிற்க வருகிறதா? மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் பதறாமல் வெளியேற்ற முடிகிறதா? இரண்டும் வந்தால் செய்யலாம். முதலில் குளத்தில் செய்து பாருங்கள். குளமாக இருந்தாலும் காயை முழுசாகக் குடைந்து, கழுவி எடுத்துப் போங்கள், நாரும் விதையும் வடிகட்டியை அடைத்துவிடும். குளத்தின் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குவதும் முக்கியம்.

ஒரு விஷயத்தை மட்டும் அடிக்கோடு போட்டுச் சொல்ல வேண்டும்: மூச்சைப் பிடிக்காதீர்கள். ஊசியில் நூல் கோக்கும்போது நம்மை அறியாமல் மூச்சைப் பிடிப்போம் இல்லையா, பல்லைச் செதுக்கும்போதும் அதுதான் நடக்கும். நுரையீரல் நிறையக் காற்றோடு காய் உங்களை ஒன்றரை மீட்டர் மேலே இழுத்தாலே நுரையீரல் காயப்பட இடமுண்டு. ரெகுலேட்டரிலிருந்து (வாயில் வைத்து மூச்சு விடுகிற கருவி) குமிழிச் சத்தம் நின்றுபோனால் கூட்டாளி உடனே தோளைத் தட்ட வேண்டும், இதை இறங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டாளியின் வேலை என்ன?

ஒருவர் அறுத்தால் மற்றவர் காயைப் பிடிக்க வேண்டும். பிடிக்கிறவர் கை, அறுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும், பின்னாலிருந்து உள்ளே விரல் விட்டுத் தாங்கக் கூடாது. ரம்பம் சுவரைத் தாண்டி எவ்வளவு உள்ளே நீட்டுகிறது என்று வெளியே இருந்து தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். வெட்டு தாங்குகிற கையுறை இருவருக்கும் வேண்டும். குளிரும் ஒரு விஷயம்: தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை எடுத்துவிடும், மண்டியிட்டு அசையாமல் இருக்கும்போது இன்னும் சீக்கிரம் விறைக்கும். விரல் மரத்துப்போனால் கத்தியை உறையில் போட்டுவிட்டு அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் என்ன வைக்கலாம்?

சிறிய டைவிங் டார்ச். மேல்நோக்கி நிற்க வைத்து, ஈயக்கட்டியால் முட்டுக் கொடுங்கள். மாலை மங்குகிற நேரத்தில், தண்ணீர் நீலத்திலிருந்து கருமைக்கு மாறும்போது, கண்ணும் வாயும் ஆரஞ்சாக எரிவதைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் மிதக்கிற துகள்களில் பட்டு, கண்ணிலிருந்து இரண்டு ஒளிக்கோடுகள் நீளும். இரவு டைவிங் பழகாதவர்கள் பகலிலேயே படகின் நிழலில் வைத்துப் பார்க்கலாம்.

காயை எப்படி மேலே கொண்டுவருவது?

வலைப்பையில் போட்டு. முதலில் ஈயக்கட்டியை வெளியே எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது காய் இலேசாக மேலே இழுக்கும், கையில் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாத வேகத்தில் ஏறுங்கள், உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். இழுப்பு சமாளிக்க முடியாத அளவுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள், அது தானாக மேலே போய் மிதக்கும், படகிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மேற்பரப்பில் இருந்து படகுக்கு ஏற்றும்போதுதான் அதன் உண்மையான கனம் தெரியும், உள்ளே இருக்கிற தண்ணீரை வாய் வழியாக வடியவிட்டுத் தூக்குங்கள், நிறைய காய்கள் உடைவது இந்த இடத்தில்தான்.

அதன் பிறகு எத்தனை நாள் இருக்கும்?

செதுக்கிய காய் எதுவானாலும் சில நாள்தான். கடலில் ஊறியதை நல்ல நீரில் இரண்டு முறை அலசி, தலைகீழாகக் கவிழ்த்து நீர் வடியவிட்டு, நிழலில் வைத்தால் ஹாலோவீன் இரவு வரை தாக்குப்பிடிக்கும், அதற்கு முந்தின நாளோ அன்று காலையிலோ செதுக்கியதாக இருந்தால். தின்ன வேண்டாம், குடைந்தெடுத்த விதையைக் கரையில் பத்திரப்படுத்தியிருந்தால் அதை வறுத்துக்கொள்ளலாம்.